அசைபோடும்போது எழுப்பாதே

வெதூரியா இருபத்திரண்டு வருடம் சிபியு நகரத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டால் அவளுடைய சொந்த அக்காவுக்கே தெரியாது. "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்பாள் அக்கா. காரின் கதவுக்குள், விளக்குக்குள், மழைநீர் துடைப்பானுக்குள் நகத்தளவு சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குப் புத்தி சொல்லிக்கொடுப்பவள் வெதூரியா. துடைப்பான் ஒழுங்காகத் துடைத்தால் உலகத்தில் ஒருவரும் அவளை நினைக்கமாட்டார்கள். துடைக்காவிட்டால் மூன்று நாட்டிலிருந்து போன் வரும். இப்படிப்பட்ட பிழைப்பை இத்தனை வருடம் ஓட்டியவள், ஐம்பது வயது நிறைந்த மறுவாரம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். செம்மறி ஆடுகளுக்குக் கழுத்துப்பட்டை செய்யப் போகிறாளாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு முழுக்க அன்றைக்கு இதே பேச்சு. வெதூரியா எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள். சூப்பில் உப்பு கூடிப்போனால்கூட மூன்றாம் மாடி வரைக்கும் செய்தி போய்விடும். ராஜினாமாவையா மூடிவைப்பாள்?

அவள் கணவன் திபேரியு நகராட்சி நூலகத்தில் இருந்தான். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தான்."

"மனுஷங்களுக்குச் செஞ்சது போதும்னு தோணுது" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டான். சம்மதம் என்று அதற்குப் பொருள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவனுடைய சம்மதம் வேறு எந்த வடிவத்திலும் வந்ததில்லை.

காரணம் இல்லாமல் அவள் இதில் குதிக்கவில்லை. சனிக்கிழமைச் சந்தையில் அவள் வழக்கமாகப் பாலாடைக்கட்டி வாங்குவது நிக்கோதிமிடம். சிந்த்ரேல் மலையடியில் முந்நூற்றுச் சொச்சம் ஆடு வைத்திருக்கும் கீதாரி. வயது முப்பத்தாறு, மீசை மட்டும் அறுபது வயதுக்காரனுடையது. ஒரு செப்டம்பர் மாதம் அவன் மேசையில் பாதிச் சரக்குதான் இருந்தது. என்னப்பா என்று இவள் கேட்டாள். மூடுபனியில் கரடி ஒன்று மந்தையைப் பள்ளத்தாக்குப் பக்கம் விரட்டிவிட்டது, பல ஆடு போய்விட்டது என்று சொன்னான்.

"நாய் குரைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு, இன்ஜினியரம்மா. ஆட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆனா அது யார்கிட்டப் போய் சொல்லும்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை வெதூரியா பாலாடைக்கட்டியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாலாடைக்கட்டி நான்கு நாளில் தீர்ந்துவிட்டது.

குடியிருப்பின் பின்னால் கார் நிறுத்தும் தகரக் கொட்டகை ஒன்று. அதுதான் தொழிற்கூடம். கூட்டாளி எனிக்கோ, முப்பத்தொரு வயது, சில்லுகளைப் பற்றவைத்துச் சர்க்யூட் போர்டு செய்வதில் கெட்டிக்காரி. கை சுட்டுக்கொண்டால் மட்டும் ஹங்கேரிய மொழியில் திட்டுவாள். மற்ற நேரத்தில் எல்லாருக்கும் புரிகிற மாதிரி திட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றே முக்கால் வருடத்தில் முப்பது பட்டை செய்தார்கள்.

பட்டைக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடு அசைந்தால் உணர்கிற சில்லு ஒன்று. ஆடு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்கிற சில்லு ஒன்று. அதை மந்தை தங்கும் கிடைக்கு அனுப்புகிற ரேடியோ ஒன்று. மூன்று பேருக்கும் சோறு போட ஒரே ஒரு பேட்டரி, கட்டைவிரல் பருமன். இதில் அசைவுச் சில்லு சிட்டுக்குருவி மாதிரி, கொறிப்பதே தெரியாது. மற்ற இரண்டும் பெருந்தீனிக்காரர்கள். விடாமல் விழித்திருந்தால் சில நாளில் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடுவார்கள். ஆகவே இவர்களைத் தூங்கவைப்பதற்கென்றே வெதூரியா ஒரு நிரல் எழுதினாள். அதற்கு அவள் வைத்த பெயர் வார்டன். படிக்கிற காலத்தில் க்ளூஜ் நகரத்து விடுதியில் அவளைப் பாடாய்ப் படுத்திய வார்டன் அம்மாளின் பெயரால். வேலையும் அதேதான். சத்தம் இல்லையென்றால் விளக்கை அணை. யாராவது வந்து கதவைத் தட்டினால் எல்லா விளக்கையும் போடு, ஒன்றரை நிமிடம் பொறுத்துப் பார், மறுபடி தட்டல் இல்லையென்றால் அணைத்துவிடு. வார்டனுக்குத் தானாக எதுவும் தெரியாது. யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொல்கிற பொறுப்பு அசைவுச் சில்லுக்கு.

இந்தத் தொழிலில் கார் என்றாலும் ஆடு என்றாலும் சூட்சுமம் அந்த ஒன்றுதான்: எதை வார்டனிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது.

சோதித்துப் பார்க்க ஆடு வேண்டும். நகரத்தில் ஆட்டுக்கு எங்கே போவது? வீட்டில் திபேரியு இருந்தான். பட்டையை அவன் கழுத்தில் கட்டினாள். இரண்டு வாரம் அவன் அதோடுதான் இருந்தான். நூலகத்துக்குப் போனான், சூப் குடித்தான், சோபாவில் படுத்து நெப்போலியனைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் படித்தான், இரண்டாம் மாடிக்காரர் மகள் கல்யாணத்துக்குக்கூட டைக்குக் கீழே பட்டையோடு போய்வந்தான். கழுத்து வலிக்கான சிகிச்சை என்று நினைத்து நாலு பேர் அவனிடம் டாக்டர் முகவரி கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பேட்டரியைப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆடு எப்படியும் திபேரியுவை விடக் கூடுதலாக அசையும் என்று வெதூரியா நியாயமாகவே யோசித்தாள். மூன்று திபேரியு சேர்ந்தால் ஓர் ஆடு என்று கணக்குப் போட்டாள். அப்படியும் கோடை முழுக்கத் தாங்கும் என்று வந்தது.

மே மாதம் பாதியில் முப்பது ஆட்டுக்கு முப்பது பட்டை கட்டினார்கள். ஒன்பதாம் நாள் முப்பதும் செத்துப்போயின.

நிக்கோதிம் போனில் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று பிற்பாடு வெதூரியா சொன்னாள்.

"இன்ஜினியரம்மா, ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலை. பட்டைக்குத்தான் காரியம் பண்ணணும் போல."

"ஒரு வாரம் குடு நிக்கோதிம். சரி பண்ணிடறேன்."

"வாரம் எங்கே இருக்கு? திங்கக்கிழமை விடிஞ்சதும் மந்தை மேல ஏறுது. ஏறினா செப்டம்பர்லதான் இறங்கும். நடுவுல உச்சி மலைக்கு வந்து பேட்டரி மாத்தறதுக்கு எனக்கு ஆளும் கிடையாது, கழுதையும் கிடையாது. சனிக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா மேல கொண்டு போறேன். இல்லாட்டி மூட்டை கட்டித் தந்துடறேன், கோவிச்சுக்காதீங்க."

அன்றைக்குப் புதன்கிழமை.

கொட்டகையில் வழக்கமான சண்டை நடந்தது. போர்டு செய்கிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் உலகம் தோன்றிய நாளிலிருந்து போடுகிற சண்டை.

"அக்கா, என் போர்டுல ஒரு குறையும் இல்லை. உங்க வார்டன்தான் கிறுக்குப் பிடிச்சு அலையறா."

"என் வார்டனுக்கு என்னடி? இங்க மேஜை மேல வெச்சா நல்லாத்தானே தூங்கறா. உன் பத்தவெப்புலதான் எங்கியோ கசிவு."

"கசிவா? மீட்டரை வெச்சுப் பாருங்க. கசிவாம் கசிவு!"

மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். கசிவு இல்லை. மேஜைமேல் இருந்த பட்டை குழந்தை மாதிரித் தூங்கியது. திபேரியு கழுத்தில் கட்டினாலும் தூங்கியது. மொத்தத்தில் சிபியு நகரத்தில் அது தூங்காத இடமே இல்லை. ஆட்டின் கழுத்துக்குப் போனால் மட்டும் செத்துப்போகிறது. எனிக்கோ கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நாம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தராவது ஆட்டை ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கோமா?"

வெதூரியாவுக்குச் சுரீர் என்றது. பார்த்ததில்லை. தட்டில் பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் பழைய காரில் இரண்டு பேரும் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நிக்கோதிமின் மனைவி பரஸ்கீவா அடுப்பில் பெரிய அண்டாவோடு நின்றுகொண்டிருந்தாள். பால் காய்ச்சுவது, பாலாடைக்கட்டி பிழிவது, புருஷனை அதட்டுவது என்று மூன்று வேலையையும் ஒரே கையால் செய்கிறவள். வந்தவர்களை உட்காரவைத்து, மக்காச்சோளக் களிக்குள் பாலாடைக்கட்டியைப் புதைத்துச் சுட்ட உருண்டையை ஆளுக்கு ஒன்று கையில் திணித்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க. செத்த பட்டை எங்கியும் ஓடிடாது."

நடுப்பகலுக்கு மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்பி, பீச் என்கிற பெரிய காட்டு மரங்களின் நிழலில் படுத்தது. முந்நூறு ஆடும் ஒரே நேரத்தில் முழங்கால் மடித்து உட்காருவதைப் பார்த்து வெதூரியாவுக்குச் சிரிப்பு வந்தது. புது பேட்டரி போட்ட பட்டை ஒன்றைச் சாதுவான ஆடு ஒன்றுக்குக் கட்டினாள். பக்கத்திலேயே புல்லில் மடிக்கணினியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வார்டன் கதவை யார் தட்டினாலும் திரையில் ஒரு வரி விழும்படி ஏற்பாடு. படுத்திருக்கிற ஆட்டுக்கு வரி விழ என்ன இருக்கிறது?

விழுந்தது. அசைவு. அசைவு. அசைவு. அசைவு. மழை பிடித்தது மாதிரி வரிவரியாகக் கொட்டியது.

நிக்கோதிம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்ன சொல்லுது?"

"ஆடு அசையுதுங்குது."

"அது எங்க அசையுது? கல்லு மாதிரி படுத்திருக்கு!"

வெதூரியா ஆட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது. கண் பாதி மூடியிருந்தது, உடம்பு ஆடவில்லை, காது ஆடவில்லை. தாடை மட்டும் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு மெல்லு, ஒரு வரி. இன்னொரு மெல்லு, இன்னொரு வரி.

"எவ்வளவு நேரம் இப்படி மெல்லும்?" என்று கேட்டாள்.

"அசைபோடறதா? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போடும். நல்ல புல்லுன்னா அதுக்கு மேலயும்." அவன் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான். "இது தெரியாதா உங்களுக்கு?"

வெதூரியா மடிக்கணினியை மூடிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தாள். சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எனிக்கோவுக்கு விஷயம் பிடிபட்டதும் அவளும் பக்கத்தில் விழுந்தாள். ஆடு மென்ற ஒவ்வொரு மெல்லுக்கும் அசைவுச் சில்லு ஓடிப்போய் வார்டன் கதவைத் தட்டியிருக்கிறது. வார்டனும் ஒவ்வொரு தட்டலுக்கும் எல்லா விளக்கையும் போட்டு, செயற்கைக்கோளை எழுப்பி, ரேடியோவை எழுப்பி, ஆடு படுத்த இடத்திலேயே படுத்திருக்கிறது என்ற அரிய செய்தியை அனுப்பியிருக்கிறாள். நாளைக்கு எட்டு மணி நேரம். ஒன்பது நாள் தாங்கியதே எனிக்கோவின் கைவண்ணம்.

வெதூரியா போனை எடுத்தாள்.

"திபேரியு! எல்லாம் உன்னால வந்த வினை!"

"நான் என்ன பண்ணேன்?"

"நீ அசைபோட மாட்டேங்கறே!"

"டாக்டரைப் பாக்கணுமா?" என்று கேட்டான் திபேரியு.

சிரிப்பு அடங்கியதும் வேலையைப் பற்றிப் பேசினார்கள். வெதூரியாவுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. மெல்லுவதை வார்டனிடம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஒரே தாளத்தில் வருகிற சின்ன ஆட்டத்தை அசைவுச் சில்லே எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். ஆடு எழுந்து ஓடினால் மட்டும் தட்டட்டும். ஒரு நாள் வேலை.

"அப்ப கரடி வந்தா?" என்றான் நிக்கோதிம்.

"ஓடும்ல? ஓடினா தட்டும்."

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். இதுவரைக்கும் இருந்த கேலி முகத்தில் இல்லை. "ஓட ஆரம்பிச்சா முடிஞ்சுது, இன்ஜினியரம்மா. அன்னிக்கும் ஓடத்தான் செஞ்சுது. ஓடினப்புறம் எனக்கு எதுக்குச் சேதி? அதுக்கு முன்னாடி வேணும்."

வெதூரியாவின் உற்சாகம் அப்படியே இறங்கிப்போனது. அவன் சொல்வது சரி. பேட்டரி கோடை முழுக்க உயிரோடு இருந்து, பள்ளத்தாக்கில் ஆடு விழுந்த பிறகு சரியாகத் தகவல் தருகிற பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"முன்னாடி ஆடு என்னதான் பண்ணும்? கத்துமா?"

"செம்மறி கத்தாது. ஒண்ணும் பண்ணாது." அவன் மந்தையைப் பார்த்தபடி யோசித்தான். "மெல்றதை நிறுத்திடும். வாசனை வந்துச்சுன்னா வாயில இருக்கறது வாயிலயே இருக்கும், தலை மட்டும் மேல போகும். ஒண்ணு நிறுத்தினா பக்கத்துல இருக்கறதும் நிறுத்தும். அப்படியே இருக்கும்ங்க, ரெண்டு மூணு நிமிஷம். அதுக்கப்புறம்தான் ஓட்டம்."

எனிக்கோவும் வெதூரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாவே நடுவுல நிறுத்துமே?" என்றாள் எனிக்கோ. அவள் இதற்குள் தாடையை எண்ண ஆரம்பித்திருந்தாள்.

"அது உருண்டையை முழுங்கிட்டு அடுத்த உருண்டை மேல வர்ற நேரம். மூச்சு ரெண்டு விடறதுக்குள்ள வந்துடும். அப்ப தலை மேல போகாது."

வெதூரியா எழுந்து புல்லைத் தட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக ஏதாவது நடந்தால் போய்ச் சொல் என்றுதான் சில்லுகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நடந்துகொண்டிருப்பது நின்றுபோனால் போய்ச் சொல் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கக் கொட்டகைக் கதவு திறக்கவில்லை. திபேரியு நூலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து, சூப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அசைவுச் சில்லுக்கு வெதூரியா புதுப் பாடம் எழுதினாள். தாளம் தப்பாமல் மென்றால் வாயைத் திறக்காதே. மெல்லுவது நின்று, பத்து எண்ணி முடிக்கும்வரை தொடரவில்லை, தலையும் உயர்ந்திருக்கிறது என்றால் தட்டு. அதிலும் வார்டனை முழுக்க எழுப்பாதே. கதவுக்கு அடியில் ஒரு சீட்டை நுழைத்துவிட்டு வா. செயற்கைக்கோள்காரன் தூங்கட்டும், ரேடியோ மட்டும் ஒரு கண் திறந்து ஒரே ஒரு சொல் அனுப்பட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து பட்டையிலிருந்து அந்தச் சொல் வந்தால், கிடைக் குடிசையின் கூரையில் இருக்கிற பெட்டி நிக்கோதிமின் போனை அடிக்கும். எனிக்கோ மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டாள். பனி விழுகிற வரைக்கும் தாங்கும் என்று வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை போட்டாள். அப்படியேதான் வந்தது.

சனிக்கிழமை முப்பது பட்டையும் மறுபடி முப்பது கழுத்தில் ஏறின. நடுப்பகலில் மந்தை படுத்தது. வெதூரியா மடிக்கணினியைத் திறந்தாள். முந்நூறு தாடையும் மென்றுகொண்டிருந்தன. திரையில் ஒரு வரி இல்லை.

"பாரு நிக்கோதிம்! எப்படித் தூங்குது பாரு!"

நிக்கோதிம் பார்த்தான். மீசையை நீவிக்கொண்டான். "செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றான்.

அவள் சுவர்க் கணக்கைப் போனில் படம் காட்டினாள். எனிக்கோ மீட்டரைக் காட்டினாள். அவன் இரண்டையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, விறகு வெட்டிவருகிறேன் என்று கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெதூரியா உட்கார்ந்த இடத்திலேயே சோர்ந்துபோனாள். மனிதனுக்கு நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமை பட்டைகள் மூட்டையாகக் கட்டப்பட்டுக் கொட்டகைக்குத் திரும்பும். ஒன்றே முக்கால் வருடம். அக்கா என்ன சொல்வாள் என்பதுகூட அவளுக்குக் காதில் கேட்டது.

அரைமணி நேரம் போயிருக்கும். திரையில் ஒரு வரி விழுந்தது. பன்னிரண்டாம் பட்டை. உடனே நான்காவது. பத்தொன்பது. ஏழு. இருபத்தாறு.

வெதூரியா தலையைத் தூக்கினாள். மந்தை முழுக்கத் தலையைத் தூக்கியிருந்தது. ஒரு தாடைகூட அசையவில்லை. அத்தனை நேரமாகக் காதில் விழுந்தும் விழாமல் இருந்த முறுமுறுப்பு நின்றுபோய், மரத்தடியே வெறிச்சென்று ஆகியிருந்தது. நாய்கள் இன்னும் நிழலில் கிடந்தன.

"அக்கா..." எனிக்கோ அவள் கையைப் பிடித்தாள்.

அப்போது மேட்டின்மேல், காற்று வருகிற பக்கத்து ஜூனிப்பர் என்கிற ஊசியிலைப் புதருக்குள்ளிருந்து ஊதுகொம்புச் சத்தம் ஒன்று கிளம்பியது. ஒரு தடவை ஊதி நிறுத்தி, மறுபடி ஊதியது. நிக்கோதிமின் போன்தான் அப்படி ஊதும். மலை முழுக்கக் கேட்க வேண்டும் என்று அவனே வைத்த சத்தம். புதருக்குள் யாரோ அதை அமுக்கப் பதறுவது தெரிந்தது. நாய்கள் நான்கும் பாய்ந்து ஓடின. அடுத்த கணம் புதர் பிளந்து நிக்கோதிம் வெளியே வந்தான். ஒரு கையில் போன், மறு கையில் வாளி. நாய்களுக்கு முன்னால் ஓடி, பாறை ஒன்றின்மேல் தொற்றி ஏறிக்கொண்டான். நாய்களில் ஒன்றான உர்சுவும் பின்னாலேயே பாறையில் கால் வைத்து ஏறப் பார்த்தது.

"டேய்! நான்டா! சோறு போட்டவன்டா! உர்சு, கீழ இறங்குடா!"

நாய்களுக்கு முகம் தெரிந்ததுதான். ஆனால் வாசனை வேறு கதை சொன்னது. வாளியில் இருந்தது கரடிச் சாணம். காலையிலேயே ராஸ்பெர்ரிப் புதர்ப் பக்கம் போய்ப் பதமாக, புதிதாகப் பொறுக்கி வைத்திருக்கிறான். கணக்கையும் மீட்டரையும் நம்பாதவன், ஆட்டின் மூக்கை நம்பலாம் என்று காற்றடிக்கிற பக்கம் போய் உட்கார்ந்து மூடியைத் திறந்திருக்கிறான். யாருக்கும் தெரியாமல் செய்ய நினைத்த காரியம். சேதி தன் பையிலிருக்கிற போனுக்குத்தான் வரும் என்பது மட்டும் அவன் நினைவில் இல்லை.

சத்தம் கேட்டுப் பரஸ்கீவா கரண்டியோடு வெளியே வந்தாள். பாறையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"அடப்பாவி! அது என்னோட பால் வாளி!"

"கழுவித் தந்துடறேன்!"

"கழுவித் தருவியா? நீ அங்கியே இரு. உர்சு, விடாதே அவனை!"

வெதூரியாவும் எனிக்கோவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஐம்பது கடந்த பொம்பிளை குதிக்கிற குதியா அது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பாறைமேல் நின்றபடியே நிக்கோதிம் போனைத் தூக்கிக் காட்டினான்.

"நாய்க்கு முன்னாடி வந்துச்சு, இன்ஜினியரம்மா! நாய் எந்திரிக்கவே இல்லை, அதுக்குள்ள வந்துச்சு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வெதூரியா அவனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படி நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மந்தை மலையேறியது. பரஸ்கீவா முன்னால் போகிற ஆடுகளின் காதில் சிவப்புக் குஞ்சம் கட்டினாள்; பட்டைகளுக்கும் ஒவ்வொன்று கட்டினாள். புது வாளி வாங்கித்தர வேண்டும் என்ற கட்டளையோடு நிக்கோதிம் பின்னால் நடந்தான். வெதூரியா பாதையோரம் நின்று பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் செய்தது எல்லாமே மூடிபோட்ட பெட்டிக்குள் போய் மறைவதுதான் வழக்கம். இவை கண்ணெதிரே நான்கு கால்களில் நடந்து போயின. அவள் அழுதாள். நூலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு வந்திருந்த திபேரியு கைக்குட்டை நீட்டினான்.

கோடை போனது. திரையில் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஒன்றும் வரவில்லை என்பதையும் வெதூரியா மூன்றாம் மாடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம். உப்புத் தூவிய வளைரொட்டி விற்கிற ஜன்னல் கடையில் அவள் வரிசையில் நின்றிருந்தாள். போன் அடித்தது. நிக்கோதிம்.

"இன்ஜினியரம்மா, ஒரு மணி நேரம் முன்னாடி கொம்பு ஊதிச்சு. இங்க பனி, கை நீட்டினா கை தெரியலை. நானும் நாயும் போய் மந்தையை மடக்கிட்டோம். கரடி ஜோடியா வந்துச்சுங்க, தாயும் குட்டியும். சத்தம் போட்டதும் இறங்கிப் போயிடுச்சு."

வெதூரியா ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. "ஆடு?" என்று மட்டும் கேட்டாள்.

"இருங்க. நீங்களே கேளுங்க."

போனை எங்கேயோ கொண்டுபோனான். மணிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. பிறகு மிகப் பக்கத்தில், ஈரமாக, அவசரமே இல்லாமல் ஒரு சத்தம். முறுக், முறுக், முறுக். கொஞ்சம் நின்றது. உருண்டை இறங்குகிற நேரம். மறுபடி முறுக், முறுக், முறுக்.

வரிசை அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள் இருந்த கடைக்கார அம்மாள், எத்தனை வேணும்மா, எத்தனை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். வெதூரியா போனை ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் காதில் வைத்தாள்.

"என்னம்மா இது? யாரோ சாப்பிடறாங்க?"

"ஆமா" என்றாள் வெதூரியா. "எல்லாரும்."